கண்ணாயிரத்தின் மூன்றாம் தாரம்

திரௌபதியைப் பெண் பார்க்கப் போன அன்றைக்கு மாப்பிள்ளையைப் பார்த்தது என்னவோ பெண்தான். அதுவும் சந்தையில் மாடு பிடிக்கிறவர்கள் பார்க்கிற பார்வை. மாப்பிள்ளைக்கு இருமல் உண்டா, மேடு ஏறினால் மூச்சு வாங்குமா, அவருடைய அப்பா எத்தனை வயது வரைக்கும் இருந்தார், அப்பாவுக்கு அப்பா எத்தனை வயது வரைக்கும் இருந்தார் என்று கதவுக்குப் பின்னால் நின்றபடி ஒவ்வொன்றாகக் கேட்டாளாம். கடைசியில், கிணறு வரைக்கும் போய் ஒரு குடம் தண்ணீர் தூக்கி வரச் சொன்னாளாம். மாப்பிள்ளை கண்ணாயிரமும் மறுபேச்சு பேசாமல் தூக்கி வந்து வைத்தாராம். கூடப் போயிருந்த அவருடைய அக்கா பச்சையம்மாள் இதை ஊர் முழுக்கச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள்.

இது எழுபத்து மூன்றாம் வருஷம். நான் அப்போது அடி அண்ணாமலைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பெயர் சந்திரம்மாள், சொந்த ஊர் போளூர். மலை சுற்றுகிற பாதையில் கண்ணாயிரத்தின் வீட்டுக்கு அடுத்த வீட்டில் வாடகைக்கு இருந்தேன். நடுவில் ஒரு கிளுவை வேலி. வேலி என்று பேருக்குத்தான். அந்த வீட்டில் மிளகாய் தாளித்தால் இந்த வீட்டில் எனக்குத் தும்மல் வரும். ஆகவே நான் சொல்வதில் பாதி கண்ணால் பார்த்தது, பாதி காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்டது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

கண்ணாயிரத்துக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. இரண்டு முறை கல்யாணம் ஆனவர். முதல் மனைவி பிரசவத்தில் போனாள். இரண்டாமவள் மஞ்சள் காமாலையில் போனாள். மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை போடும் ஒரு ஏக்கர் கொல்லை, ஒரு கிணறு, ஓட்டு வீடு. நல்ல மனுஷன் என்பதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த நல்ல குணம் சில சமயம் அடுத்தவர்களுக்கு உபத்திரவமாக இருக்கும். எலிப்பொறியில் மாட்டுகிற எலியைக் கொல்ல மனசு வராமல், பத்திரமாகக் கொண்டுபோய் என் வீட்டுப் பக்கம் விட்டுவிடுவார்.

திரௌபதிக்கு முப்பத்தொரு வயது. அப்பா இல்லை, அண்ணன் தலையெடுத்து ஒரு வழி பண்ணுவதற்குள் வயதாகிவிட்டது. இரண்டு பெண்டாட்டியைத் தூக்கிக் கொடுத்தவனுக்கா பெண்ணைக் கொடுப்பது, இவளும் போய்விட்டால் என்ன செய்வது என்று அவள் வீட்டில் எல்லோரும் பயந்தார்கள். அவளுக்கு அந்தப் பயமே இல்லை. அவள் பயம் வேறு. கல்யாணமாகி வந்த புதிதில், கனகாம்பரம் தொடுத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

"சாவுறதுக்கு எனக்கு பயமில்ல டீச்சர். எங்கம்மாவுக்கு எங்கப்பா போனப்போ, நான் ஒம்பது வயசுப் பொண்ணு. தல நெறைய பூ வெச்சி உக்கார வெச்சாங்க. நான் அம்மா எவ்ளோ அழகா கீறாங்கனு பாத்துனு இருந்தேன். அப்புறம் எல்லாத்தையும் புடுங்கினாங்க. அதுக்குத்தான் பயம். அவரு எனக்கு முன்னாடி போவக் கூடாது."

அதனால்தான் தண்ணீர்க் குடம். அவள் தலையில் பூ இல்லாமல் நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. காய்ச்சலில் படுத்திருந்தாலும் தலைமாட்டில் ஒரு முழம் கனகாம்பரம் இருக்கும்.

இனி எருக்கஞ்செடிக்கு வருகிறேன்.

மூன்றாம் தாரம் தங்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தங்காது என்றால் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடும் என்று அர்த்தமில்லை, செத்துப் போகும். இப்படி ஒரு நம்பிக்கையை வைத்தவர்கள் அதற்கு ஒரு சந்தும் விட்டு வைத்திருந்தார்கள். மூன்றாவதாக ஒரு எருக்கஞ்செடிக்குத் தாலி கட்டி, கையோடு அதை வெட்டிப் போட்டுவிட வேண்டும். வர இருக்கிற சாவு செடியோடு போய்விடும். அதற்கு அப்புறம் வருகிறவள் நான்காம் தாரம், அவளுக்கு ஆபத்தில்லை. எமன் எருமையில் வந்து, விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, சரிதான் என்று திரும்பிப் போய்விடுவானாம். எங்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்கூட இதைவிட நன்றாகக் கணக்குப் போடுவார்கள்.

ஏரிக்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கல்யாணம் நடந்தது. நானும் போயிருந்தேன். மாரியம்மன் கோயில் பூசாரி வேடியப்பன்தான் நடத்தி வைத்தார். இடுப்புயர எருக்கஞ்செடி, கொத்துக் கொத்தாக வெளிர் ஊதாப் பூ. செடிக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, ரவிக்கைத் துணி சுற்றி, பொட்டு வைத்தார்கள். கண்ணாயிரம் மஞ்சள் துண்டு கோத்த கயிற்றை ஒரு கிளையில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினார். வெட்கப்பட்டார் என்றுகூடச் சொல்லலாம். பச்சையம்மாள் குலவை போட்டாள். உடனே வேடியப்பன் அவர் கையில் அரிவாளைக் கொடுத்தார். வெட்டுவதை யாரும் பார்க்கக் கூடாது என்று எங்களையெல்லாம் திரும்பி நடக்கச் சொன்னார்கள். நாங்கள் நடந்தோம். பின்னால் அரிவாள் சத்தம் ஒரு தரம் கேட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை திரௌபதி கழுத்தில் தாலி ஏறியது.

நாலு மாதம் எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் ஒரு நாள் காலையில், வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணாயிரம் குளிக்கிற கல்லுக்குப் பக்கத்தில் திரௌபதி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். எதிரே முழங்கால் உயரத்தில் ஒரு எருக்கஞ்செடி. வீட்டை ஒட்டி எருக்கு முளைப்பது ஒன்றும் அதிசயமில்லை. பஞ்சோடு பறந்து வருகிற விதை எங்கே விழுந்தாலும் முளைக்கும். ஆனால் அது மஞ்சள் கயிற்றோடு முளைக்காது. இந்தச் செடியின் தண்டில் மூன்று முடிச்சுப் போட்ட கயிறு இருந்தது.

கண்ணாயிரம் பொய் சொல்லத் தெரியாதவர். கேட்டதும் சொல்லிவிட்டார். அரிவாளை ஓங்கி ஒரு வெட்டு வெட்டியது உண்மைதான். தாலி கட்டிய கிளை தனியாக வந்து காலடியில் விழுந்தது. வெட்டின இடத்தில் பால் சொட்டியது. அதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. துண்டில் சுற்றி எடுத்து வந்து, குளிக்கிற தண்ணீர் போகிற ஈரத்தில் நட்டுவிட்டார். அதுவும் பிடித்துக்கொண்டது.

"ரெண்டு பேர இந்தக் கையாலதான் தூக்கிப் போட்டேன்," என்றார். "மூணாவதையாவது பொழைக்க வெக்கலாம்னு பாத்தேன். தப்பா?"

திரௌபதிக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கு நியாயமும் இருந்தது. சாவு செடியோடு போய்விடும் என்றார்கள். செடியே போகவில்லை என்றால் சாவு எங்கே போயிருக்கும்? இந்த வீட்டுக்குள்தானே சுற்றிக்கொண்டிருக்கும்? அது அவளைப் பிடிக்கும் என்றாள் பச்சையம்மாள். இல்லை, அவரைத்தான் பிடிக்கப் போகிறது, என் பூ போகப் போகிறது என்றாள் திரௌபதி. நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் செடி சாக வேண்டும் என்பதில் மட்டும் ஒரே கட்சி.

விஷயம் டீக்கடைக்குப் போனது. மூன்றாம் தாரம் செத்ததா, உயிரோடு இருக்கிறதா என்று ஒரு வாரம் வாதம் நடந்தது. வெட்டுப்பட்டதால் செத்தது என்றது ஒரு கட்சி. தழைத்ததால் சாகவில்லை என்றது இன்னொரு கட்சி. வேடியப்பனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "வெட்டினதும் நெசம், உசுரோட கீறதும் நெசம். ரெண்டுத்துக்கும் நான் பொறுப்பில்ல," என்று எழுந்து போய்விட்டார்.

திரௌபதி காரியத்தில் இறங்கினாள். முதலில் கண்ணாயிரத்தைக் கிணற்றடியில் போய்க் குளிக்கச் சொன்னாள். செடிக்குத் தண்ணீர் போகாது, காய்ந்து சாகும். எருக்கைப் பற்றித் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஈரத்தில் கொஞ்சம் சோம்பிக் கிடந்த செடி, காய்ந்ததும் சுறுசுறுப்பாகிவிட்டது. சித்திரை வெயிலில் என் வேலியே கருகிப்போக, அது மட்டும் கொத்துக் கொத்தாகப் பூத்தது. அப்புறம் சோறு வடித்த கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினாள். இரண்டு இலை பழுத்து விழுந்தது. நாலு இலை புதிதாக வந்தது. அண்ணன் வீட்டிலிருந்து ஒரு வெள்ளாடு ஓட்டி வந்து பக்கத்தில் கட்டினாள். ஆடு முகர்ந்து பார்த்துத் தும்மிவிட்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு போய் அவளுடைய கனகாம்பரச் செடிகளை ஒன்று விடாமல் மேய்ந்தது. அன்றைக்கு அவள் ஆட்டைத் திட்டியதில் பாதி செடிக்கு.

கடைசியில் அரிவாளை எடுத்து அடியோடு வெட்டினாள். பால் தெறித்து முழங்கை கொப்புளித்துப் போனது. சக்களத்தி கீறிட்டாள் என்று என்னிடம் காட்டினாள். கண்ணாயிரம் வந்து பார்த்தார். கீழே கிடந்த மஞ்சள் கயிற்றை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ராத்திரிச் சாப்பாட்டில் கை வைக்கவில்லை, மறுநாளும் அப்படித்தான். சாப்பிடாமலே இவர் செத்துப் போனால் என் பூவுக்கு என்ன கதி என்று மூன்றாம் நாள் திரௌபதி என்னிடம் வந்து அழுதாள். நான் என்ன சொல்ல முடியும்? ஒரு செடியால் ஒரு குடும்பம் பட்டினி கிடக்கிறது என்றால் எந்தப் புத்தகத்தில் தேடுவது?

விடை மூன்று வாரத்தில் மண்ணிலிருந்தே வந்தது. வெட்டின கட்டையைச் சுற்றி ஐந்து தளிர். ஒருத்தியாக இருந்தவள் ஐந்து பேராக வந்து நின்றாள். கண்ணாயிரம் அன்றைக்குக் களி மூன்று உருண்டை சாப்பிட்டார். மடியிலிருந்த கயிற்றை எடுத்து, ஐந்தில் எது என்று கொஞ்ச நேரம் யோசித்து, நடுவிலிருந்ததில் கட்டினார். திரௌபதி அரிவாளைக் கொண்டுபோய்ப் பரணில் போட்டாள். தோற்றுப் போனேன் டீச்சர் என்றாள்.

அதற்குப் பிறகு நாலு வருஷம் அந்த வீட்டில் மூன்று பேரும் ஒருவரோடொருவர் பேசாமல் குடித்தனம் நடத்தினார்கள். அதாவது, திரௌபதி செடியோடு பேசமாட்டாள். கண்ணாயிரம் திரௌபதி எதிரில் செடியோடு பேசமாட்டார். பொங்கலுக்குப் பொங்கல் பழைய கயிற்றை எடுத்துவிட்டுப் புதுக் கயிறு கட்டுவார். அவள் அந்த நேரம் பார்த்து அரிசி புடைக்கப் போய்விடுவாள்.

எழுபத்தெட்டில் திரௌபதிக்குக் குதிகால் வலி வந்தது. காலையில் எழுந்து காலை ஊன்றினால் உச்சந்தலை வரைக்கும் சுளீர் என்று ஏறும். டவுன் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள், கேட்கவில்லை. பச்சையம்மாள்தான் வைத்தியம் சொன்னாள். செங்கல்லைச் சுட வைத்து, அதன்மேல் பழுத்த எருக்க இலையை நாலைந்தாகப் பரப்பி, குதிகாலை வைத்து அழுத்த வேண்டும். வேலைவெட்டி செய்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்தான்.

திரௌபதி அதற்குச் செய்ததை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். வீட்டிலேயே பத்தடியில் ஆள் உயரத்துக்கு எருக்கு நிற்கிறது. அதை ஏறெடுத்தும் பார்க்காமல், குதிகால் வலியோடு நொண்டி நொண்டி ஒரு மைல் நடந்து ஏரிக்கரைக்குப் போய், இலை பறித்துக்கொண்டு, நொண்டி நொண்டித் திரும்பி வந்து, செங்கல்லைச் சுட வைத்து ஒத்தடம் கொடுப்பாள். கொஞ்சம் தேவலாம் போல இருக்கும். மறுநாள் இலைக்காக மறுபடியும் ஒரு மைல். வலி எப்படிக் குறையும்? நான் சிரித்ததில் என்னோடும் இரண்டு நாள் பேசவில்லை.

ஐப்பசி மாதம், விடாத மழை. ஏரிக்கரைக்குப் போக முடியவில்லை. கால் தரையில் படவில்லை. அன்றைக்கு மதியம் அவள் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு செடிக்கு முன்னால் போய் நின்றாள். அப்புறம் சொன்னாள்:

"அக்கா, நாலு எல எடுத்துக்கறேன்."

ஏன் அக்கா என்று பிற்பாடு கேட்டேன். வயசில் சின்னதுதானே? அதற்கு அவள், மூணாவதுக்கு அப்புறம்தானே நாலாவது, எனக்கு முன்னாடி வந்தவங்கள அக்கானுதான கூப்புடணும் என்றாள். மரியாதையில் குறை வைக்கிறவள் இல்லை. கண்ணாயிரம் வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். காதில் விழுந்தது. பிடியை விட்டுவிட்டு மழையில் எழுந்து போனார். அழுதாரோ என்னவோ, மழையில் எனக்குத் தெரியவில்லை.

பத்து நாளில் வலி போய்விட்டது. நடந்து போய்ப் பறிக்காததால் போனதா, இந்தச் செடியின் இலையில் ஏதாவது இருந்ததா என்பதை நான் ஆராயவில்லை. திரௌபதியும் ஆராயவில்லை. அக்கா கைராசி என்று முடிவு கட்டினாள்.

அந்த வருஷம் கார்த்திகைத் தீபத்துக்கு மலை சுற்ற வந்தவர்களில் ஒரு கிழவர் எங்கள் வீட்டு வாசலில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். திரௌபதி செங்கல்லைச் சுட வைத்தாள். அவர் எழுந்து நடந்ததைப் பார்த்து இன்னொருத்தர் வந்தார். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. மலை சுற்றுகிறவர்கள் வெறுங்காலில் நடப்பவர்கள். வலிக்கும் பஞ்சமில்லை, முள்ளுக்கும் பஞ்சமில்லை. முள் தைத்த இடத்தில் எருக்கம்பாலை ஒரு சொட்டு வைத்து, கொஞ்ச நேரம் கழித்து அழுத்தினால் முள் எட்டிப் பார்க்கும். பால் கண்ணில் பட்டால் போச்சு என்று ஒவ்வொருத்தரையும் மிரட்டிவிட்டுத்தான் வைப்பாள். பஞ்சை எடுத்துக் கண்ணாயிரத்துக்குத் தலையணை தைத்தாள். காய்ந்த இலையைக் கொசுவுக்குப் புகை போட்டாள். பிள்ளையார் சதுர்த்திக்கு அந்தத் தெருவுக்கே மாலை அவள் வீட்டுப் பூதான். எவ்வளவு பறித்தாலும் மறுநாள் பூத்துவிடும். அது பூக்காத நாளே கிடையாது.

மலையடிவாரத்து ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி ஒரு நாள் நொண்டிக்கொண்டு வந்தாள். கால் சரியானதும் செடியின் பேர் என்ன என்று சைகையில் கேட்டாள். திரௌபதி கொஞ்சமும் யோசிக்காமல், "சக்களத்தி," என்றாள். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டு, செடியைக் கும்பிட்டுவிட்டுப் போனாள். இரண்டு மாதம் கழித்து இன்னும் மூன்று வெள்ளைக்காரர்கள் வந்து சக்களத்தி இலை வேண்டும் என்று தமிழில் கேட்டார்கள். எங்கேயோ ஒரு தேசத்தில் இன்றைக்கும் எருக்குக்கு அந்தப் பேர்தான் இருக்க வேண்டும்.

எண்பத்தொன்றில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. டீச்சர்கள் தலையில்தானே அதைக் கட்டுவார்கள்? எங்கள் தெரு எனக்கு. கண்ணாயிரம் வீட்டில் உட்கார்ந்து, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். தெரிந்த விஷயத்தைக் கேட்பதற்குத்தான் அரசாங்கம் ஃபாரம் அச்சடிக்கிறது. திரௌபதி இரண்டு என்றாள். கண்ணாயிரம் மூன்று என்றார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். சரி, மூணுன்னே எழுதுங்க டீச்சர் என்று அவளே சொன்னாள். எனக்கு வேலை போய்விடும் என்று சொல்லி, அவர்கள் எதிரிலேயே இரண்டு என்று எழுதினேன். கண்ணாயிரம் முகம் வாடிவிட்டது. அதிலிருந்து ஒரு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் எலிகள் ஜாஸ்தி.

திரௌபதி வருஷா வருஷம் அவருக்கு ஒரு குடம் தண்ணீர்ப் பரீட்சை வைத்துக்கொண்டுதான் இருந்தாள். எண்பத்தாறு மார்கழியில்கூட அவர் தளும்பாமல் தூக்கி வந்தார். தை மாதம் மல்லாட்டைக் கொல்லையில், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வேப்ப மரத்தடியில் சாய்ந்தார். எழுந்திருக்கவில்லை. இருமல் இல்லை, மூச்சு வாங்கவில்லை, கேட்டிருந்த எதுவும் இல்லை. ஐம்பத்தெட்டு வயது. வெட்டியிருந்தால் இப்படி ஆகுமா என்று பச்சையம்மாள் செடியைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள். திரௌபதி கத்தி அழவில்லை. எனக்குத்தான் அழுகை நிற்கவில்லை. அந்த மனுஷன் மாதிரி ஒருத்தரை நான் அதற்கு அப்புறம் பார்த்ததில்லை.

பதினாறாம் நாள் விடிந்தும் விடியாததுமாக, ஒன்பது வயதில் பார்த்ததாக அவள் சொன்ன அந்தக் காரியத்துக்குப் பெண்கள் கூடினார்கள். திரௌபதியைக் குளிக்கும் கல்லில் உட்கார வைத்து, கை நிறைய வளையல் போட்டு, நெற்றி நிறைய குங்குமம் வைத்து, தலை கொள்ளாமல் கனகாம்பரம் வைத்தார்கள். பச்சையம்மாள்தான் முன்னால் நின்றாள். அவளே பத்து வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒரு கல்லில் உட்கார்ந்தவள். பிடுங்குவதற்காகக் கையை நீட்டினாள். திரௌபதி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூத்தவங்க இருக்கும்போது எனக்கு எப்பிடி அண்ணி மொதல்ல எடுப்பீங்க?"

யார் மூத்தவள் என்று ஒருத்திக்கும் புரியவில்லை. திரௌபதி முகத்தைத் திருப்பிக் காட்டினாள். குளிக்கும் கல்லுக்குப் பக்கத்தில், பொங்கலுக்கு அவர் கட்டிய புதுக் கயிற்றோடு, உச்சி முதல் அடி வரைக்கும் பூத்து நின்றது எருக்கு.

பச்சையம்மாள் அது வெறும் செடி என்றாள். செடி என்றால் ஏன் குலவை போட்டீங்க என்றாள் திரௌபதி. அவருக்கு நாலாம் தாரம் என்று சொல்லித்தானே என்னைக் கட்டி வந்தீங்க, நாலாவது நான் என்றால் மூணாவது யார்? பதிமூணு வருஷம் ஊரே என்னை நாலாவது நாலாவது என்று கூப்பிட்டதே, பூ எடுக்கிற அன்றைக்கு மட்டும் எப்படி நான் முதல் ஆள் ஆனேன்? குரலை உயர்த்தவே இல்லை. கல்லில் உட்கார்ந்தபடி ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

பச்சையம்மாள் என் பக்கம் திரும்பினாள். டீச்சர்தானே கணக்கெடுத்தது, இந்த வீட்டில் எத்தனை பேர் என்று டீச்சரே சொல்லட்டும் என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். திரௌபதி மட்டும் பார்க்கவில்லை. அவள் கண் செடியின் மேல் இருந்தது.

"மூணு பேருன்னுதான் எழுதினேன்," என்றேன். "கவர்மெண்டுக்கு எழுதினத மாத்த முடியாது."

இருபது வருஷம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று பாடம் நடத்தியவள் நான். அந்த ஒரு பொய்க்காக எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

சரி, அதுக்கு மொதல்ல எடுக்கறோம் என்று பச்சையம்மாள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு செடியிடம் போனாள். திரௌபதியும் எழுந்து போய், செடியின் கயிற்றைத் தானே அவிழ்த்தாள். தன் தாலியையும் தானே கழற்றினாள். இரண்டையும் ஒன்றாக, அதற்கென்று வைத்திருந்த பால் சொம்பில் போட்டாள். அப்புறம் கல்லில் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்த மூன்று பேரும் பூப் பறித்தார்கள். பறிக்கப் பறிக்கக் கை பிசுபிசுத்தது. பூ முடிந்ததும் மொட்டுகளைப் பறித்தார்கள். எட்டாத கிளையை வளைத்தபோது பால் தெறித்து, ஒருத்தி கண்ணைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். பொழுது நன்றாக விடிந்து வெயில் வந்துவிட்டது. ஒரு வழியாக முடித்துவிட்டோம் என்று பச்சையம்மாள் நிமிர்ந்தாள். நிமிர்ந்த இடத்தில், ஓர் இலைக்கு அடியில், அவர்கள் பார்க்காமல் விட்ட மொட்டு ஒன்று வெயில் பட்டு விரிந்திருந்தது.

பச்சையம்மாள் அதைப் பறிக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். எம் பூவ எடுத்தப்ப எனக்கு இந்தப் புத்தி இல்லியே என்று அவள் முனகியது எனக்குக் கேட்டது.

"தாலிய அக்காவும் கழட்டிட்டாங்க, நானும் கழட்டிட்டேன்," என்றாள் திரௌபதி. "பூவ அவங்க என்னிக்கு எடுக்கறாங்களோ, அன்னிக்கு நானும் எடுத்துடறேன். ஒரு நாள் முன்ன பின்ன ஆவாது."

கூடியிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கிளம்பிப் போனார்கள். கணக்கு அவர்கள் போட்ட கணக்கு.

அதற்கு அப்புறம் ஊர் என்னவெல்லாமோ பேசியது. ஒரு விசேஷத்தில் அவளைப் பார்த்து இரண்டு பேர் எழுந்து போனார்கள். அவர்களுக்கும் குதிகால் வலி வந்தபோது தெரு சுற்றி அவள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். எண்பத்தொன்பதில் எனக்கு மாற்றல் வந்தது. அது வரைக்கும் தினமும் காலையில் அவள் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பாள். கையில் தொடுத்த கனகாம்பரம் இருக்கும். செடியை மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பாள். நான் இந்தப் பக்கம் பல் விளக்கிக்கொண்டிருப்பேன்.

"அக்கா இன்னிக்கும் எடுக்கல டீச்சர்," என்று சொல்லிவிட்டு, பூவைத் தலையில் வைத்துக்கொள்வாள்.